செங்கல்பட்டு நெபுலா



இந்த வாரம் கொஞ்சம் கோபமாகவே எழுதப் போகிறேன். அந்தக் கோபத்தில் பாதி என் மேலேயே. காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் பிள்ளைகள் கார்த்திகை நட்சத்திரத்தைப் பார்க்க முடியாமல் போனதற்கு மேகத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. நாமே மனு போட்டு வாங்கி வைத்த விளக்குகள்தான் பெரிய காரணம். அந்த மனுக்களில் ஒன்று என் கைப்பட எழுதியது.

எங்கள் வீட்டில் கண் பரிசோதனை செய்தவர் என் பாட்டி. மார்கழி மாதம், சாப்பாடு முடிந்ததும் மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போவார். தலைக்கு மேலே காட்டி, "எத்தினி இருக்கு, எண்ணிச் சொல்லு" என்பார். ஆறு என்று சொன்னால் கண் சரி. ஐந்து என்றால் மறுநாள் முருங்கைக்கீரை. என் அண்ணன் ஒருமுறை ஏழு என்றான். பாட்டி அவனை நம்பவில்லை. பின்னாளில் படித்தபோதுதான் தெரிந்தது, கூர்மையான கண்ணுக்கு ஏழும் தெரியும், அதற்கு மேலும் தெரியும் என்று. அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கப் பாட்டி அப்போது இல்லை.

நம் முன்னோர் இதற்கு அறுமீன் என்று பெயர் வைத்தார்கள். முருகனை வளர்த்த ஆறு தாய்மார் என்று கதை சொன்னார்கள். பெரிய தொலைநோக்கி எதுவும் இல்லாமல், செங்கல்பட்டு போன்ற ஊர்களில் வாசலில் நின்று எண்ணிய எண்ணிக்கை அது.

போன தை அமாவாசைக்குப் பேரன் வந்திருந்தான். எட்டாம் வகுப்பு. பள்ளியில் புராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். கைப்பேசியில் ஒரு படம் காட்டினான். நீல நிற நட்சத்திரங்கள், அவற்றைச் சுற்றிப் பஞ்சைப் பிய்த்துப் போட்டது போல நீலப் புகை. "தாத்தா, இது கார்த்திகையாம். இந்தப் புகைக்குப் பேர் ரிஃப்ளெக்‌ஷன் நெபுலாவாம். மாடிக்குப் போய் பாக்கலாமா?" என்றான்.

போனோம். இரவு எட்டு மணி. அந்த நேரத்தில், தை மாதத்தில், கார்த்திகை உச்சிக்குச் சற்று வடக்கே இருக்கும். இடத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. நிலாவும் இல்லை, மேகமும் இல்லை. அங்கே தெரிந்தது சாம்பல் நிறத்தில் ஒரு வெளிச்சம்தான். கையால் தெருப்பக்கத்தை மறைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்த பிறகு பையன் சொன்னான், "ரெண்டு தெரியுது தாத்தா. ரெண்டா, மூணான்னு தெரியல."

அவன் பார்க்க ஆசைப்பட்டது என்ன என்பதை முதலில் சொல்கிறேன். எங்கள் மாடியில் தெரிந்த சாம்பல் வெளிச்சத்தைப் புரிந்துகொள்ள அதுவே வழி.

நெபுலா என்றால் விண்வெளியில் இருக்கும் வாயுவும் தூசியும் சேர்ந்த முகில். ஒண்முகில் என்றும் தமிழில் எழுதுகிறார்கள். இதில் சில வகை தானே ஒளி விடும். ஓரியன் கூட்டத்தில் இருக்கும் பெரிய நெபுலா அப்படி. அதன் வாயு சூடாகித் தானே ஒளிர்கிறது. கார்த்திகையைச் சுற்றி இருப்பது வேறு வகை. அதற்குச் சொந்த ஒளி கிடையாது. அது வெறும் தூசி. பக்கத்து நட்சத்திரத்தின் ஒளி மேலே பட்டு, அது சிதறி நம் பக்கம் வருகிறது. அதனால் எதிரொளிப்பு நெபுலா.

இதைக் கண்டுபிடித்த கதை சுவையானது. 1859 அக்டோபரில் வில்ஹெல்ம் டெம்பெல் என்ற ஜெர்மானியர், கார்த்திகையின் நட்சத்திரங்களில் ஒன்றான மெரோப்பியின் அருகே மங்கலான ஒரு படலத்தைக் கண்டார். அவர் வானியல் படித்தவர் அல்ல. கல் அச்சுத் தொழில் செய்தவர். கையில் இருந்தது வெறும் நான்கு அங்குலத் தொலைநோக்கி. இடம் எது தெரியுமா? வெனிஸ் நகரம். மலை உச்சி இல்லை, பாலைவனம் இல்லை, மக்கள் நெருக்கமாக வாழ்ந்த நகரத்தின் நடுவில். 1912-ல் அமெரிக்காவின் லோவெல் ஆய்வுக்கூடத்தில் வெஸ்டோ ஸ்லிஃபர் அந்தப் படலத்தின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். அது மெரோப்பியின் ஒளியைப் போலவே இருந்தது. படலம் தானாக ஒளிரவில்லை, கடன் வாங்கிய ஒளி என்று தெரிந்தது.

கார்த்திகை நட்சத்திரங்கள் மிக இளையவை. வயது சுமார் 10 கோடி ஆண்டுகள். சூரியனுக்கு 460 கோடி. சூரியனை நம்மைப் போல அறுபது வயதுக்காரராக வைத்துக்கொண்டால், கார்த்திகைக்கு ஒரு வயது சொச்சம். அந்தத் தூசி அவை பிறந்தபோது மிஞ்சியது என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். இப்போது, போகும் வழியில் குறுக்கே வந்த முகில் என்கிறார்கள். அங்கிருந்து நமக்கு ஒளி வந்து சேரச் சுமார் 440 ஆண்டுகள் ஆகும். சென்னைப் பட்டணத்துக்கு 1639-ல் வெள்ளைக்காரர்கள் இடம் பிடிப்பதற்கு முன்பே கிளம்பிய ஒளி. அவ்வளவு தூரம் வந்த ஒளியை, கடைசி சில கிலோமீட்டரில், நம் தெரு முனையில், நாம் தடுத்துவிடுகிறோம்.

படத்தில் அந்தப் புகை ஏன் நீலமாக இருக்கிறது? நட்சத்திரங்களே நீலம். அதோடு மிகச் சிறிய தூசி, சிவப்பு ஒளியை விட நீல ஒளியை அதிகம் சிதறடிக்கும். பகல் வானம் நீலமாக இருப்பதும் இதைப் போன்ற சிதறலால்தான். அங்கே காற்று மூலக்கூறுகள் சிதறடிக்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது எங்கள் மாடிக்கு வாருங்கள். ஜி.எஸ்.டி. சாலையில் பகலெல்லாம் கிளம்பும் தூசி, வண்டிப் புகை, கொளவாய் ஏரிப் பக்கமிருந்து வரும் ஈரம் எல்லாம் இரவில் ஊருக்கு மேலே மிதக்கின்றன. கீழே தென்னை உயரத்துக்கு நிற்கும் ஹைமாஸ் கம்பத்தில் வெள்ளை எல்.இ.டி. விளக்குகள். அந்த ஒளியில் ஒரு பகுதி தரைக்கு வருகிறது. ஒரு பகுதி பக்கவாட்டிலும் மேலேயும் போய்த் தூசியில் பட்டுச் சிதறி நம் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. சொந்த ஒளி இல்லாத தூசி, பக்கத்தில் ஒரு விளக்கு. மெரோப்பி நெபுலாவின் இலக்கணம் அப்படியே பொருந்துகிறது. இதற்குச் செங்கல்பட்டு நெபுலா என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். இதைப் பார்க்கத் தொலைநோக்கி தேவையில்லை. இது இருக்கும் வரை வேறு எதையும் பார்க்கவும் முடியாது.

பழைய சோடியம் விளக்குகள் மஞ்சளாக எரிந்தன. புதிய வெள்ளை எல்.இ.டி.யில் நீலப் பங்கு அதிகம். நீலம்தான் அதிகம் சிதறும் என்று மேலே சொன்னேன். மின்சாரம் மிச்சம் என்று மாற்றினோம், உண்மையில் மிச்சம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு விளக்கு எரிந்த இடத்தில் "செலவு கம்மிதானே" என்று மூன்று வைத்தோம்.

இது நம் ஊர் வியாதி மட்டும் அல்ல. 2023-ல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. 2011 முதல் 2022 வரை பொதுமக்கள் தங்கள் வானத்தைப் பார்த்து அனுப்பிய 51,000-க்கும் மேற்பட்ட குறிப்புகளை வைத்துக் கணக்கிட்டார்கள். பெரும்பாலானவை ஐரோப்பா, வட அமெரிக்காவிலிருந்து வந்தவை. வானத்தின் வெளிச்சம் சராசரியாக ஆண்டுக்கு 9.6 சதவீதம் கூடியிருக்கிறது. 250 நட்சத்திரம் தெரியும் ஊரில் பிறக்கும் குழந்தைக்கு, 18 வயது ஆகும்போது 100 தான் தெரியும் என்று அவர்களே விளக்கினார்கள். என் பாட்டியின் கணக்குக்கும் பேரனின் கணக்குக்கும் இடையில் போனது எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மனு விஷயத்துக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் தெரு முனைக்கு ஹைமாஸ் வேண்டும் என்று குடியிருப்போர் கூடிப் பேசினோம். "சார் கையெழுத்து நல்லா இருக்கும்" என்று என்னை எழுதச் சொன்னார்கள். எழுதினேன். விளக்கு வந்த அன்று லட்டு கொடுத்தோம். மூடி இருக்குமா, எந்தப் பக்கம் திரும்பியிருக்கும், என்ன நிறம், எத்தனை மணி வரை எரியும் என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. முப்பத்தைந்து வருடம் கோப்புகளில் மற்றவர் எழுதியதைத் திருத்தியவன், என் சொந்த மனுவில் கோட்டை விட்டேன்.

அன்று பேரன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "மகாபலிபுரம் போகலாம், கடல் பக்கம் இருட்டா இருக்கும்" என்றேன். மறுநாள் சாயங்காலம் திருக்கழுக்குன்றம் வழியாகப் போனோம். என் இளவயதில் அந்தச் சாலையில் சைக்கிளில் வந்தால், வேதகிரி மலை இருட்டில் ஒரு கருப்பு உருவமாகத் தெரியும், அதற்கு மேலே நட்சத்திரம் கொட்டிக் கிடக்கும். இப்போது வழியெல்லாம் கடை, கல்யாண மண்டபம், பெட்ரோல் பங்க்.

கடற்கரையில் எனக்கு இன்னொரு அதிர்ச்சி. கடலைப் பார்த்துத் திருப்பி வைத்த ஃபோகஸ் விளக்குகள். கடலுக்கு எதற்கு ஐயா விளக்கு? அலை வழி தெரியாமல் தடுமாறுகிறதா?

கடலுக்கு விளக்கு வேண்டும்தான். இதே மாமல்லபுரத்தில், பல்லவர் பாறை மேல் கட்டிய ஓலக்கண்ணேஸ்வரர் கோயிலின் உச்சியில் ஒரு காலத்தில் கப்பல்களுக்கு விளக்கு வைத்தார்கள். பிறகு அதன் பக்கத்திலேயே இப்போதிருக்கும் கலங்கரை விளக்கம் வந்தது. ஊருக்கே ஒரு விளக்கு. யாருக்காக, எந்தத் திசைக்கு, எதற்காக என்று தெளிவு இருந்தது. அந்தத் தெளிவு இந்த ஃபோகஸ் விளக்குகளில் எங்கே?

இதில் உயிர் போகும் விஷயமும் இருக்கிறது. தை, மாசி, பங்குனியில் பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் ஏறி முட்டையிடும். ஏழு வாரம் கழித்துக் குஞ்சுகள் மணலிலிருந்து வெளியே வரும், பெரும்பாலும் இரவில். எது வெளிச்சமான அடிவானமோ அதுவே கடல் என்பதுதான் அவற்றுக்குத் தெரிந்த ஒரே பாடம். கோடிக்கணக்கான வருடம் அது சரியாகவே இருந்தது. இருட்டுக் கரையில், வானத்தின் ஒளியை ஏந்தி நிற்பது கடல்தான். இன்று கடலை விடச் சாலை வெளிச்சமாக இருக்கிறது. குஞ்சுகள் சாலைப் பக்கம் நடக்கின்றன. 1988 முதல் சென்னைக் கரையில் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்புக் குழுவினர் இரவெல்லாம் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். வனத்துறையும் செய்கிறது. அவர்கள் கும்பிடத் தக்கவர்கள். ஆனால் கூடையில் எடுத்துக்கொண்டு போய்க் கடலைக் காட்ட வேண்டிய நிலைக்கு ஒரு பிராணியைக் கொண்டுவந்து விட்டோமே, அது நமக்கு உறைக்க வேண்டாமா?

இந்தப் பேச்சை எடுத்தால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். நேரிலேயே கேட்டிருக்கிறேன்.

எதிர் வீட்டம்மா கேட்டார், "சார், லைட்ட எடுத்துட்டா மறைமலை நகர்ல ராத்திரி ஷிஃப்ட் முடிச்சிட்டு வர பொண்ணுங்க என்ன பண்ணுவாங்க?" நூற்றுக்கு நூறு நியாயமான கேள்வி. அவர் மகளே அப்படி வருகிறவர். நான் விளக்கை எடுக்கச் சொல்லவில்லை, அம்மா. மூடி போடச் சொல்கிறேன். அந்தப் பெண்ணுக்கு வெளிச்சம் வேண்டியது தெருவில், வானத்தில் அல்ல. மூடியில்லாத விளக்கு கண்ணைக் கூசச் செய்யும். கூசிய கண்ணுக்கு, விளக்குக்குப் பின்னால் நிழலில் நிற்கிறவன் தெரிய மாட்டான். மேலே போகும் ஒளியைத் தரைக்குத் திருப்பினால் அதே மின்சாரத்தில் அவள் பாதை இன்னும் நன்றாகத் தெரியும்.

கிழக்குக் கடற்கரைச் சாலை விபத்துக்கும் இதே பதில்தான். இதில் நம் வயதுக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கண்புரை ஆரம்பித்தவர்களைக் கேளுங்கள், எதிரே வெள்ளை விளக்கு வந்தால் எப்படி இருக்கிறது என்று. விளக்கைச் சுற்றி ஒரு படலம் பூக்கும், எதிரில் வருகிற ஆள் மறைந்துபோவார். கண் வில்லையின் மங்கலில் ஒளி சிதறுவதால் வருவது அது. விண்வெளியில் தூசி, ஊருக்கு மேலே தூசி, நம் கண்ணுக்குள் புரை. மூன்றிலும் ஒளி சிதறுகிறது. அதிக வெளிச்சம் முதியவர்களுக்கு நல்லது என்று சொல்லிச் சொல்லியே நம்மைக் குருடாக்குகிறார்கள்.

"சுற்றுலா வளர வேண்டாமா?" என்பார்கள். லடாக்கில் ஹன்லே என்ற இடம். 4,500 மீட்டர் உயரத்தில் நம் நாட்டு வானியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. 2022-ல் அதைச் சுற்றியுள்ள கிராமங்களை இருள் வானக் காப்பகமாக அறிவித்தார்கள். அந்த இருட்டைப் பார்க்கவே ஊர் ஊராக ஆட்கள் போகிறார்கள், கிராமத்தார் தொலைநோக்கி வைத்துக் காட்டுகிறார்கள். மாமல்லபுரத்தை ஹன்லே ஆக்க முடியாது. ஆனால் கடலைப் பார்க்கும் பக்கத்தையாவது இருட்டாக வைத்தால், விடுதிக்காரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டே நட்சத்திரம் காட்டலாம்.

கடைசிக் கேள்விதான் எனக்கு மிகவும் கோபம் மூட்டுவது. "நட்சத்திரம் பார்க்கிறது விஞ்ஞானி வேலை. நமக்கு எதுக்கு? போன்ல படம் வருதே." 2004 ஜனவரியில் அமெரிக்காவின் கென்டக்கியில் ஜே மெக்நீல் என்ற ஆர்வலர், தன் வீட்டு முற்றத்தில் மூன்று அங்குலத் தொலைநோக்கியில் படம் எடுத்தபோது, ஓரியன் கூட்டத்தில் அதுவரை குறிக்கப்படாத ஒரு நெபுலாவைக் கண்டார். சுமார் 1,300 ஒளியாண்டு தூரத்தில், இன்னும் தூசிக்குள்ளேயே இருக்கும் ஒரு குழந்தை நட்சத்திரம் திடீரென்று பிரகாசமாகி, பக்கத்துத் தூசியின் மேல் ஒளி வீசியிருக்கிறது. பிறகு மங்கியது. 2008-ல் மறுபடி வந்தது. நம் நாட்டு விஞ்ஞானிகளும் ஹன்லேயின் தொலைநோக்கியால் அதை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். இன்று அதற்குப் பெயரே மெக்நீல் நெபுலா. முதலில் பார்த்தவர் வீட்டு முற்றத்து மனிதர். செங்கல்பட்டில் ஒரு முற்றத்திலிருந்து அப்படி ஒருவர் வரவே முடியாது என்று நாம் முடிவு கட்டிவிட்டோமா?

நம் தமிழ்நாட்டிலேயே ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. இருட்டைத் தேடித்தான் வைணு பாப்பு அந்த மலைக்குப் போனார். அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் வேலை செய்கிறது. பெரிய தொலைநோக்கிக்கு மலை கிடைத்தது. வாசலில் நிற்கும் பிள்ளைக்கு எந்த மலை?

நான் கேட்பது இவ்வளவுதான். ஹைமாஸ், தெரு விளக்கு எல்லாவற்றுக்கும் ஒளி கிடைமட்டத்துக்கு மேலே போகாதபடி மூடி. புதிதாக மாற்றும்போது நீல வெள்ளைக்குப் பதில் மஞ்சள் சாயல். கடலைப் பார்த்த விளக்குகள் தை முதல் வைகாசி வரை இரவில் அணைந்திருக்க வேண்டும். இதற்குக் கோடிகள் தேவையில்லை, பாதி வேலைக்கு ஏணியும் ஸ்பேனரும் போதும்.

அரசாங்கத்தைக் கேட்கும் முன் நாமும் செய்ய வேண்டியது இருக்கிறது. மதில் மேல் வைத்த உருண்டை விளக்கு, மாடியில் விடிய விடிய எரியும் குழல் விளக்கு, தோட்டத்துத் தென்னையைப் பார்த்து வைத்த ஃபோகஸ். என் வீட்டில் மூன்றும் இருந்தன. இரண்டைக் கழற்றிவிட்டேன். வாசல் விளக்குக்குத் தகர மூடி போட்டேன். திருக்கார்த்திகை அகல் விளக்கின் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அது கார்த்திகையை மறைக்காது.

அன்று மாமல்லபுரத்தில் கதை முடியவில்லை. தெற்கே சதுரங்கப்பட்டினம் போகும் வழியில், ஒரு சவுக்குத் தோப்புக்குப் பின்னால் கொஞ்சம் இருட்டு மிச்சம் இருந்தது. மணலில் உட்கார்ந்து கால் மணி நேரம் கண்ணைப் பழக்கினோம். பையன் விரல் நீட்டி எண்ணினான். "ஆறு தாத்தா." பைனாகுலரில் பார்த்துவிட்டு எண்ணுவதையே விட்டுவிட்டான். அந்த நீலப் படலம் எங்களுக்குத் தெரியவில்லை. அதற்கு இன்னும் நல்ல இருட்டு வேண்டும். நெபுலா இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பாட்டியின் ஆறு அவனுக்குக் கிடைத்தது. ஆனால் அதற்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்ட வேண்டியிருந்தது. கார் இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்?

ஊர் திரும்பிய மறுநாள் இரண்டாவது மனு எழுதினேன். தெரு முனை ஹைமாஸுக்கு மூடி போடக் கேட்டு. எதிர் வீட்டம்மாவும் கையெழுத்துப் போட்டார், மகளிடம் கேட்டுவிட்டு. இன்னும் பதில் இல்லை. நினைவூட்டல் கடிதம் எழுதுவது எனக்குப் புதிதல்ல, எழுதிக்கொண்டே இருப்பேன்.

நீங்களும் ஒன்று செய்யுங்கள். அடுத்த தை அமாவாசை இரவு எட்டு மணிக்கு, வீட்டு விளக்கை அணைத்துவிட்டு மாடிக்குப் போங்கள். பேரப் பிள்ளைகள் இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். உச்சிக்குச் சற்று வடக்கே பார்த்து எண்ணுங்கள். எந்த ஊர், எத்தனை தெரிந்தது என்று எனக்கு எழுதுங்கள். அந்தக் கணக்கையும் மனுவோடு இணைத்து அனுப்புகிறேன்.